நாலு மணிக்கு மண்டபத்தில்

எம்ரிஸ் ப்ராபர்ட் புறா எச்சத்தை ஈரத் துணியால் துடைக்கிறார். மண்டபம் முழுவதையும் ஒரு முறை. படியை அடுத்த மூன்றாவது கல்லை மட்டும் இரண்டு முறை. "பையன் இங்கதான் மண்டி போடுவான். முட்டியில கறையோட கல்யாணம் கேட்டா எவ சரின்னு சொல்லுவா?"

மாளிகைத் தோட்டத்துக் குன்றின்மேல் எட்டுத் தூண்களோடு நிற்கும் இந்த வட்ட மண்டபத்தில் சாமி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாளிகைச் சன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று பழைய பிரபு ஒருவர் கட்டியது. ஏரிக்கரையில் வைக்கோல் வேய்ந்த குடிசை, அவர் மனைவி பால்காரி வேடம் போட்டு விளையாடிய இடம். காட்டோரத்துக் கோபுரமோ கட்டும்போதே பாதி இடிந்ததுபோலக் கட்டப்பட்டது.

"இடிஞ்ச கோபுரம் இன்னும் இடியாம பாத்துக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார் எம்ரிஸ். இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. ஆளில்லாத குடிசைக்குள் போகும்போதும் கதவைத் தட்டிவிட்டே நுழைவார். "உள்ள எலி இருக்கும். திடீர்னு போனா பாவம், பயந்துரும்."

மதியம் தேநீர்க் கடைக்கு வருவார். அங்கே கேக் சுடும் மேவிஸ் அவருக்கென்று ஒரு துண்டுக் கேக்கை எடுத்து வைத்திருப்பாள். "ஓரம் கருகிடுச்சு, யாருக்கும் வேணாமாம்" என்பாள். கருகிய கேக் எதையும் நான் அந்தக் கடையில் பார்த்ததில்லை. அவர் மட்டும் நம்பிச் சாப்பிடுவார்.

காதலைச் சொல்ல வரும் பையன்கள், வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் என்னிடம் முன்கூட்டியே நேரம் சொல்லிவிடுவார்கள். நான் எம்ரிஸிடம் சொல்வேன். துடைத்து முடித்ததும் முட்புதருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், யாரும் குறுக்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

போன செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டுக் கார்டிஃப் நகரில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார். "தனியா எத்தனை நாளைக்குப் பொண்ணே சூப்பு காய்ச்சிக் குடிக்கிறது?" கடைசி வாரம். "நாளைக்கு நாலு மணிக்கு ஒரு ஜோடி வருது" என்றேன். மறுநாள் துடைத்தார், ஒளிந்தார். அன்று நானும் கூடவே ஒளிந்தேன்.

நான்கு மணிக்கு மேவிஸ் மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையெல்லாம் மாவு.

"மேவிஸ் எதுக்கு இங்க வர்றா? அந்த ஜோடி வர்ற நேரமாச்சே" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

அவள் நேராகப் புதரைப் பார்த்தாள். "யோவ் எம்ரிஸ், வெளிய வாய்யா. அந்த ஜோடி நாமதான். எனக்கு முட்டி வலி, மண்டியெல்லாம் போட முடியாது. அக்கா வீட்டுக்குப் போறியா, இல்ல என் வீட்டுக்கு வர்றியா? இப்பவே சொல்லு."

தலையில் இலைகளோடு அவர் வெளியே போய் நின்றார். மேவிஸைப் பார்த்தார், அந்த மூன்றாவது கல்லைப் பார்த்தார். மேவிஸின் முகம் மெல்லச் சிவக்க ஆரம்பித்தது.

குன்றின்மேல் காற்று பலமாக அடித்தது. அவள் கோட்டுப் பொத்தான் போடாமல் ஓடிவந்திருந்தாள். எம்ரிஸ் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்தார். குனிந்து, கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுவிட்டார். "அக்காகிட்ட நான் வரலேன்னு சொல்லிடறேன்" என்றார்.