சிவகிரிக்குப் போன மூன்று குஞ்சுகள்

அச்சன்புதூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கோழிப்பண்ணையில் நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். பார்வைக்குச் சாதாரண வெள்ளைக் கோழிகள்தான். ஆனால் அவற்றின் உடலில் மனித மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதனால் முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு மருந்துப் புரதம் ஊறும். பிறவியிலேயே அந்தப் புரதம் சுரக்காத குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போடலாம் என்பது திட்டம். அந்த வேலையை நான் மனதார நம்பினேன். ஒரு முட்டைகூட வெளியே போகக்கூடாது என்பது அங்கே முதல் விதி. உடைந்த ஓட்டைக்கூட எரித்துவிடுவோம்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம், காற்றில் ஒரு தென்னை மரம் கோழிக் கொட்டகை மேல் சாய்ந்து வலை கிழிந்தது. ஒரு கோழியைக் காணவில்லை. நரி தூக்கியிருக்கும் என்றார் காவலாளி. பண்ணைப் பொறுப்பிலிருந்த டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். சுற்றிலும் தேடினேன். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வாய்க்கால் ஓரத்து வீட்டு முற்றத்தில் அதைக் கண்டேன். காலில் எங்கள் நீல வளையம். பக்கத்தில் ஒரு நாட்டுச்சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் எனக்கு முகப்பழக்கம் உள்ளவள்.

“இது எப்பக்கா வந்துச்சு?”

“அந்தப் பெருங்காத்து அடிச்சதுல்லா, மறுநாளு. யாரும் கேட்டு வந்தா குடுத்துரலாம்னு இருந்தேன்.”

“முட்டைய என்ன செஞ்சீங்க?”

“மாசமா இருக்க மவ வந்திருந்தா. தெனமும் அவிச்சுக் குடுத்தேன். கொஞ்சத்த நாட்டுக்கோழிகிட்ட அடை வச்சேன். ஏழு பொரிச்சுது. மூணை மவ சிவகிரிக்குக் கொண்டுபோயிட்டா.”

விவரத்தைச் சொன்னதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மவகிட்ட மட்டும் சொல்லிராதே தாயி. புள்ளத்தாச்சி, பயந்துருவா.”

பண்ணைக்குத் திரும்பி டாக்டரிடம் சொன்னேன். அவித்துச் சாப்பிட்டதால் ஒன்றும் ஆகாது என்றார். “பெருகுறதுதான் பிரச்சினை. எத்தனை குஞ்சு?”

“நாலு,” என்றேன்.

அன்று மதியமே கோழியும் நான்கு குஞ்சுகளும் எரி உலைக்குப் போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சிவகிரிக்கு பஸ் ஏறினேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகள் வாசலுக்கு வந்தாள். குஞ்சுகள் எங்கே என்று கேட்டேன்.

“ஒண்ண பருந்து தூக்கிட்டுது. மத்த ரெண்டும் பெட்டை. எங்க அத்தை கேட்டாவ, குடுத்துட்டேன். அவிய சந்தையில வித்துட்டாவளாம். ஏன்க்கா, சீக்குக் கோழியா?”

“இல்ல,” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போய் விசாரித்தேன். வாங்கினவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் அவளுக்குப் பெண் பிறந்தது. குழந்தை நல்ல எடை என்று வாய்க்கால் ஓரத்து அக்கா போனில் சொன்னாள். அதன் பிறகும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த இரண்டு பெட்டைகளும் எங்கோ முட்டையிடத் தொடங்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொய் சொன்னதிலிருந்து சந்தை வரை எல்லாவற்றையும் எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றார்.

இல்லை என்றேன். “சரி, போய் வேலையைப் பாருங்க,” என்றார்.