வெள்ளைக் கார்னேஷன் வளையம்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெர்சியின் பூக்கடை. ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் கார்னேஷன் கட்டுகள் வந்து இறங்கும். கணுவில் பட்டென்று முறிந்துவிடும் காம்பு அதற்கு. இடது கையில் இரண்டு விரல் இல்லாத மெர்சி, மிச்ச விரல்களால் அதை முறியாமல் பிடிக்க ஒரு வருடம் பழகினாள்.

விரல்கள் போனது ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு ஷூ கம்பெனியில். தோல் வெட்டும் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனை யாரோ டேப் போட்டு அமுக்கி ஒட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் வேலாயுதம், தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

போன ஆடியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

"அக்கா, அப்பா தவறிட்டாரு. வெள்ளை கார்னேஷன்ல ஒரு வளையம் வேணும்."

"ரிப்பன்ல இன்னா பேரு எழுதணும்?"

"வேலாயுதம். ஷூ கம்பெனில சூப்பர்வைசரா இருந்தாரு."

பேனாவை எடுத்த மெர்சி எழுதாமல் நின்றாள். பூ இல்லை என்று சொல்லவும் வழியில்லை; வாளி நிறைய எதிரிலேயே இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு நானே கொண்டாந்து தர்றேன்" என்றாள்.

அடியில் பச்சைப் புல்லி வெடித்து இதழ் சரிந்த பூக்களை ஒதுக்கிவிட்டு, நல்லதாகப் பார்த்துச் செருகினாள்.

சாவு வீட்டில் கண்ணாடிப் பெட்டியின் மேல் வளையத்தை வைத்தாள். வேலாயுதம் இளைத்து, அடையாளமே தெரியாமல் கிடந்தார். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

வாசலில் கௌசர் நின்றிருந்தாள். கம்பெனியில் மெர்சிக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்தவள்.

"நீயா கட்டின?"

"ஆமா."

கௌசர் குரலைத் தாழ்த்தினாள். "அவரு டேப் ஒட்டினத நான் பாத்தேன் மெர்சி. வேல போய்டும்னு பயந்துக்கினு சொல்லல."

மெர்சி வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் என் தப்புன்னுதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு கூட. கடைசில எனக்கே அப்படித்தான்னு ஆய்டுச்சு."

மறுவாரம் கௌசர் கடைக்கு வந்தாள். தான் பார்த்ததை ஒரு தாளில் தேதியோடு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை இனி எந்த ஆபீசில் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மாலையில் மெர்சி அந்தத் தாளைக் கணவரிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். அவர் இரண்டு முறை படித்தார்.