இரண்டாவது சாட்சி

“…செத்துப்போய்ட்டேன்னு எழுதியிருந்தாலும் பரவால்ல சார், எழுதுனது யாருன்னு தெரிஞ்சிக்கினுதான் போவேன்” என்று தாலுகா ஆபீஸ் மேசைமேல் கையை ஊன்றிச் சொன்னார் அக்கா.

எழுத்தர் கோப்பை எங்கள் பக்கம் தள்ளவில்லை. நாடா முடிச்சின்மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

அக்கா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளுகிறவர். புருஷன் இல்லை. ஏரிப் புறம்போக்கில் ஒரு குடிசை, அதில் அவரும் மகளும். மழைக்கு முன் குடிசைகளை எடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மாற்று மனைக்குப் பட்டா கிடைத்தது. இவர் மனு மட்டும் ‘சொந்த வீடு உள்ளது’ என்று தள்ளுபடியாகிவிட்டது.

“அந்த வூட்டு சாவியையாவது குடுக்கச் சொல்லு தங்கச்சி, போய்ப் படுத்துக்கறேன்” என்றபடிதான் என் கடைக்கு வந்தார்.

ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. நகல் எடுக்க வரும் மனுக்களைப் படித்துப் படித்தே மனு எழுதக் கற்றுக்கொண்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பையே நேரில் பார்க்கக் கேட்கலாம் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். எழுதிப் போட்டேன். ‘கோப்பு தேடப்பட்டு வருகிறது’ என்று இரண்டு கடிதம் வந்தது. “நான் இன்னா தொலைஞ்சிபோன மாடா, தேடறதுக்கு?” என்றார் அக்கா. மேல்முறையீடு செய்த பிறகுதான் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

“யம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாது. பார்த்து இன்னா பண்ணப்போறீங்க?” என்றார் எழுத்தர்.

“அதுக்குத்தான் இவளைக் கூட்டிக்கினு வந்தேன். ஒரு எழுத்து வுடாம படிப்பா.”

எழுத்தர் என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்க கடையைப் பாருங்களேன். நானே படிச்சி சொல்லிடறேன்.”

பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் மிதப்பாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார்.

விசாரணைத் தாளைச் சத்தமாகப் படித்தேன். மனுதாரருக்குப் பனமலையில் ஓட்டு வீடு இருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

“அது எங்க அண்ணன் வூடு. அண்ணிக்காரி வாசல்ல கூட உக்கார வுடமாட்டா. எவன் சொன்னது? பேரைப் படி.”

முதல் சாட்சியின் பெயரைப் படித்தேன். அப்படி ஒரு ஆளே தெரியாது என்றார் அக்கா. இரண்டாவது கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்துச் சுழித்திருந்தது. என் கையெழுத்து.

தலையாரி நகல் எடுக்க வரும்போதெல்லாம், “சாட்சிக்கு ஆளு கெடைக்கல அக்கா, ஒரு கையெழுத்து” என்று ஒரு பாரத்தை நீட்டுவார். மேலே ஒன்றும் எழுதியிருக்காது. கடையில் கூட்டம் நிற்கும். மறுத்தால் ஆபீஸ் வேலை அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. எத்தனை போட்டிருப்பேனோ, தெரியாது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. நான் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். எழுத்தர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்படிச் சொன்னால் அவரும் சும்மா இருந்துவிடுவார் என்று தெரிந்தது.

“இன்னா தங்கச்சி, ரெண்டாவது பேரு இல்லியா?”

“இருக்குது அக்கா. நான்தான்.”

அக்கா எழுத்தரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“வெறும் பாரத்துல போட்டேன் அக்கா. உனக்குன்னு சத்தியமா தெரியாது.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“வுடுங்கம்மா, புதுசா ஒரு மனு குடுத்துடுங்க” என்றார் எழுத்தர்.

“புதுசா குடுத்தா இந்தக் காயிதம் எங்க சார் போவும்?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “இப்ப என்கிட்ட சொன்னியே, அதை எழுதிக் குடுப்பியா?”

“யோசிச்சி எழுதுங்க அக்கா” என்றார் எழுத்தர் என்னிடம், மெதுவாக. “உங்க கடை எதிர்லதான் இருக்குது.”

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவித் திறந்திருந்த கோப்பின்மேல் வைத்தார். ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மற்ற கையால் நான் பிடித்திருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார்.