எல்லா எழுத்துக்கும் ஒரே சம்பளம்

காரைதீவு நவரெத்தினம் சேர் போன செவ்வாய்க்கிழமை காலையில் இருதய வருத்தத்தால் காலமானார். வயது ஐம்பத்திமூன்று. என்னிலும் ஒரு வயது இளையவர். இரண்டு வருடமாக எனக்கு இங்கிலிஷ் உச்சரிப்புச் சொல்லித் தந்தவர்.

செய்தி வந்தபோது நான் மருதமுனையில் என் தறிக் கொட்டிலில் நின்று, சாயம் போட்ட நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் எடுத்தவர் அவருடைய மனைவி பரமேஸ்வரி. "சேர் போயிட்டார் முதலாளி" என்றார்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சேருடைய போன். அதற்குள் இரண்டு வருடத்து என் குரல் கிடந்தது. நூல் எங்கே எடுக்கிறேன், சாயம் யார் போட்டுத் தருகிறார், ஸ்கொட்லாந்தில் யாருக்கு அனுப்புகிறேன், என்ன விலைக்கு அனுப்புகிறேன் எல்லாம் என் வாயாலேயே அதில் பதிவாகியிருந்தது. அந்தப் போன் இனி யார் கைக்குப் போகும்? சேருடைய முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நினைவஞ்சலி எழுதுகிறவர் இப்படித் தொடங்கக்கூடாதுதான். ஆனால் என் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சேரைப் பற்றி எழுத என்னால் முடியாது. எங்கள் பழக்கம் தொடங்கியதே அதில்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் சொற்பம். மிச்சமெல்லாம் அறுகம்பேக் கடற்கரையில் படித்தது. வாலிப வயதில் தோளில் கைத்தறிச் சாரன்களைப் போட்டுக்கொண்டு பொத்துவிலுக்கு பஸ் ஏறுவேன். கடலில் அலை விளையாட வந்த வெள்ளைக்காரரிடம் மணலில் நின்று விற்றேன். எனக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கையும் காலும் சேர்ந்து கதைத்ததால் அங்கே சரக்கும் விலைப்பட்டது. இப்போது எனக்குப் பதினான்கு தறிகள், பதினான்கு வீட்டு உலை. மேசைத் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். போனில் கையும் காலும் தெரியாது. பிழை அங்கேதான் பிடிபட்டது.

ஸ்கொட்லாந்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி என் துணியைப் பார்த்து ஆசைப்பட்டுப் போன் எடுத்தார். நான் தரம் சொன்னேன், நாள் சொன்னேன், விலை சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சொறி?" என்றார், விளங்கவில்லையாம். இருபது நிமிடம் போன பிறகு மிக மரியாதையாக ஒன்று கேட்டார்: உங்கள் இடத்தில் இங்கிலிஷ் கதைக்கிற யாராவது இருக்கிறார்களா?

அதுவரை நான் கதைத்ததை என்ன பாசை என்று நினைத்தாரோ தெரியாது. நல்லவேளை, கொட்டிலில் அந்நேரம் யாரும் இருக்கவில்லை.

அந்தப் பெண்மணி கைவிட்டுப் போனால் அடுத்து எங்கே போவார் என்பது எனக்குத் தெரியும். கல்முனையில் இதே தொழில் செய்யும் இன்னொரு முதலாளி இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய மகன் வெளிநாட்டில் படித்து வந்தவர். மகன் வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் அவருடைய வெளிநாட்டுப் போன்களைக் கதைத்தவர் வேறு யாருமில்லை, நவரெத்தினம் சேர்தான். மகன் வந்ததும் சேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சேருடைய மச்சான், அதாவது பரமேஸ்வரியின் தம்பி, இன்றும் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறார்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் சேரிடம் போனேன். மைல் கணக்கில் தேடியும் வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதல் நாள் நான் கேட்டது பாடமில்லை. எனக்காக அவரே போனில் கதைக்கட்டும், மாதச் சம்பளம் தருகிறேன் என்றேன். சேர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

"பன்னிரண்டு வருசம் இன்னொருத்தருக்கு வாயா இருந்தன் முதலாளி. காணும். உங்கட வாய் உங்களிட்ட இருக்கு. அதைத் திருத்தித் தாறன்."

"அந்த முதலாளியோட என்ன பிரச்சினை உங்களுக்கு?"

"அது என்ட கதை. நீங்க உங்கட சொல்லைச் சொல்லுங்க."

கூலி கேட்டேன். நான் நினைத்து வந்ததில் பாதிதான் சொன்னார். குறைத்துக் கேட்கிறவர் மிச்சத்தை வேறெங்கோ எடுத்துக்கொள்வார் என்பது சந்தையில் நான் கற்ற பாடம். அங்கேயே என் மனதில் ஒரு முடிச்சு விழுந்தது.

கிழமைக்கு இரண்டு நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போவேன். கடைத்தெருவில் கேலி தொடங்கிவிட்டது. "என்ன முதலாளி, காரைதீவில ஓ.எல். எடுக்கப் போறீங்களாம்? வாப்பாவும் மகளும் ஒரே சோதனையா?" என் மகளுக்கு அந்த வருடம் ஓ.எல். பள்ளிச் சோதனை. நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

சேர் புத்தகம் தரவில்லை. ஒரு றப்பர் பேண்டை என் இரண்டு பெருவிரலிலும் மாட்டிவிட்டார். "மெட்டீரியல் எண்டு சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"முதலாளி, நீங்க உங்கட தறிக்காரர் எல்லாருக்கும் ஒரே சம்பளமா குடுக்கிறீங்க?"

"அதெப்படி? வேலைக்குத் தக்க கூலி."

"பின்ன ஏன் சொல்லில எல்லா எழுத்துக்கும் ஒரே சம்பளம் குடுக்கிறீங்க? மெ-டீ-ரி-யல். இதில 'டீ' தான் முதலாளி. அவர் வரக்க றப்பரை இழுங்க. மற்ற ஆக்கள் கூலிக்காரர், விறுக்கெண்டு கடந்து போகோணும்."

அப்படித்தான் தொடங்கினோம். குவாலிட்டியில் முதலாளி முன்னுக்கே நிற்பார். டிலிவரியில் இரண்டாவது ஆள். கெறண்டி என்ற சொல்லைத்தான் நான் அதிகம் கெடுத்திருக்கிறேன். "இதில முதலாளி கடைசியாத்தான் வருவார். அவர் வருமட்டும் ஆரும் சத்தம் போடப்படாது" என்பார் சேர். ஒரு மாதத்தில் என் பெருவிரல்களில் வடு விழுந்தது. தறிக்காரர் கேட்டால் நூல் வெட்டியது என்பேன்.

அடுத்த கிழமை அந்தப் பெண்மணியிடம் என்ன கதைக்கப்போகிறேனோ அதையே இந்தக் கிழமை பழகுவோம். சேர் தன் போனில் பதிந்து எனக்கே போட்டுக் காட்டுவார். "உங்கட காது உங்கட வாயை நம்பி ஏமாறுது. வெளியில இருந்து கேளுங்க" என்பார். பிழை எனக்கே விளங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும் வழியில், சாய்ந்தமருது தாண்டுவதற்குள், அந்தப் போனைப் பற்றிய யோசனை வந்துவிடும். பாடம் முடிந்த பிறகு அதை ஏன் அழிக்கிறாரில்லை?

கேட்டேன். "பழசையும் புதுசையும் ஒப்பிட வேணுமே" என்றார். நியாயமான பதில். நியாயமான பதிலை உடனே வைத்திருக்கிறவரிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

சந்தையில் ஆளைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சந்தேகப்படும் ஆளுடைய காதில் மட்டும் ஒரு பொய் விலையைப் போட்டுவிட்டு, அது எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்திருப்பது. அதைச் சேரிடம் செய்தேன். என் உண்மை விலையிலும் குறைந்த ஒரு விலையை வீட்டில் வைத்து முழு வசனமாகப் பாடமாக்கிக்கொண்டு போய், அடுத்த போனில் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று பழகினேன். சேர் கேட்டுவிட்டு, "இண்டைக்கு ஒரு பிழையும் இல்ல" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் கல்முனை முதலாளி விலையைக் குறைத்தார். நான் போட்ட பொய் விலைக்குச் சற்றுக் கீழே.

அன்றைக்குத் தொழுதேனா, மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சேர் முற்றத்தில் பூவரசுக்குக் கீழே இருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"சேர், என்ட கதை எப்படி வெளியில போச்சு?"

அவர் எழும்பவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்தார். திறந்து காட்டுவார் என்று கை நீட்டினேன். அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"காட்டினா நம்புவீங்களா? இன்னொரு கொப்பி எங்கயோ இரிக்கி எண்டு நினைச்சுக்கொண்டுதான் போவீங்க. ஆனபடியால காட்டமாட்டன். இருங்க. டிலிவரி இன்னும் சரிவரேல்ல."

பரமேஸ்வரி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். போவதா இருப்பதா என்று யோசித்தேன். போனால் அந்தப் பெண்மணியின் "சொறி" மிச்சம். இருந்தேன். அவரை நம்பி இருக்கவில்லை; வேறு வழியில்லாமல் இருந்தேன்.

கல்முனை முதலாளி விலையைக் குறைத்த காரணம் பிறகு சந்தைக்கே தெரிந்தது. இயந்திரத் தறித் துணியைக் கைத்தறியோடு கலந்து விற்கத் தொடங்கியிருந்தார். என் விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அது தெரிந்த பிறகும் நான் சேரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த முறை இல்லை, அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஸ்கொட்லாந்துப் பெண்மணியோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். றப்பர் பேண்ட் மேசைக்குக் கீழே. சேரை மருதமுனைக்கு அழைத்திருந்தேன், பிழைத்தால் கைகொடுக்க. அவர் என் அறைக்குள் வரமாட்டேன் என்று தறிக் கொட்டிலுக்குள் போய் நின்றுகொண்டார். "விலை கதைக்கிற இடத்தில எனக்கென்ன வேலை?" என்றார். கேட்கத் தேவையில்லை என்கிறவரைத்தான் கவனிக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன். அந்தப் பெண்மணி ஒரு தரமும் "சொறி" சொல்லவில்லை. நான் சொன்ன பகிடிக்குச் சிரித்தார். வெளியே வந்து சேரிடம் சொன்னேன். "சிரிப்பு எந்த இடத்தில வந்தது? பகிடிக்கா, உச்சரிப்புக்கா?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் என்றேன். அன்றுதான் சேர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

செத்த வீட்டுக்குப் போனேன். மயானம் வரை போனேன். பரமேஸ்வரியின் தம்பி எல்லாருக்கும் சோடா கொடுத்துக்கொண்டு நின்றார். சேருடைய போன் அங்கே இருக்கிறதா என்று என் கண் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. என்னை நானே ஏசிக்கொண்டேன், ஆனாலும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பரமேஸ்வரியிடம் போய் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல் தேடிக்கொண்டு போயிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே மெமரி சிப்.

"முதலாளி வருவார், வந்தா இதைத்தான் கேட்பார், கேட்க முதல் குடுத்திரு எண்டு சொல்லியிருந்தவர்."

அடுத்த நாள் காலையில், கொட்டிலில் ஆட்கள் வருவதற்கு முன்பு, போட்டுக் கேட்டேன். முதல் நாள் பதிவிலேயே என் குரல் விலையை நெருங்குகிறது, அந்த இடம் வெட்டப்பட்டு அடுத்த வசனம் தொடங்குகிறது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். நூல் வாங்கும் இடம் இருக்கிறது, பெண்மணியின் பெயர் இருக்கிறது, விலை மட்டும் இல்லை. நான் என்ன ஆள் பாருங்கள், அப்போதும், வெட்டிய துண்டுகளை எங்கே போட்டு வைத்திருக்கிறாரோ என்றுதான் யோசித்தேன்.

ஒரே ஒரு பதிவில் மட்டும் விலை முழுதாக இருந்தது. அது என் பொய் விலை.

அந்தப் பதிவில் பாடம் முடிகிறது, என் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரப் போகிறது. சேர் போனை நிறுத்த மறந்திருக்கிறார். அவருடைய சிரிப்பு கேட்கிறது.

"என்ன, தனிய இருந்து சிரிக்கிறீங்க?" இது பரமேஸ்வரி.

"முதலாளி இண்டைக்கு ஒரு இடத்திலயும் பிசகேல்ல. மனிசன் வீட்டில பாடமாக்கிக்கொண்டு வந்திரிக்கார். நெஞ்சில உள்ள விலையைச் சொல்லக்க தடுமாறுவார். இது பொய் விலை. என்னைச் சோதிக்கிறார்."

"உங்களுக்குக் கோவம் வரேல்லையா?"

"ஏன்? உச்சரிப்பு நல்லா இரிக்கி. இதை வெட்டாம வைப்பம்."

கொட்டிலில் தறிச்சத்தம் தொடங்கும் வரை அந்தத் துண்டையே போட்டுக் கேட்டேன்.

அன்று அஸருக்குப் பிறகு, பாடத்துக்குப் போகும் அதே நேரத்தில், காரைதீவுக்குப் போனேன். அந்தத் துண்டைப் பரமேஸ்வரிக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னொருக்காப் போடுங்க" என்றார். போட்டேன். மூன்றாம் முறை அவரே பொத்தானை அமர்த்திப் போட்டுக் கேட்டார். பிறகு சிப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க, உங்கட சாமான்."

"சேருடைய சிரிப்பு அதுக்குள்ள இரிக்கி தங்கச்சி. நீங்களே வைங்க."

"என்ட தம்பி வந்து போற வீடு முதலாளி. அவன் எங்க வேலை செய்யிறான் எண்டு உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

சேர், உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்கள் மனைவியிடம் கேட்டேன். அவர் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார். அதை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். என் வாயை என்னிடமே திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். போய் வாருங்கள்.

அன்று எழும்பும்போது பேசி முடித்தது இது: சிப் காரைதீவில் இருக்கும். என்னிடம் கொப்பி இல்லை. அதை யார் எடுத்தார், யார் கேட்டார் என்று நான் ஒருநாளும் விசாரிப்பதில்லை. என்றாவது சேருடைய சிரிப்பைக் கேட்க எனக்கு ஆசை வந்தால், அஸருக்குப் பிறகு வந்து பிளேன்டீ குடித்துவிட்டுக் கேட்டுப் போகலாம்.