மூன்று கிலோமீட்டர் விமானம்

மேனாம்பேட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எந்த விமான நிலையத்திலிருந்து எதற்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஓர் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் விமானத்தில் ஏறியதே இல்லை. என் டீம் லீடரும் ஏறியதில்லை. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் காலை எனக்கு வந்தவை வடக்குக் கடலில் இருக்கும் இரண்டு குட்டித் தீவுகள். நடுவே மூன்று கிலோமீட்டர். பறக்க இரண்டு நிமிடம். ஆனாலும் அறுநூறு வார்த்தை எழுதியாக வேண்டும். வழியில் என்ன சாப்பிடலாம், எப்படிப் பொழுதுபோக்கலாம் என்பதையெல்லாம் விடக்கூடாது. கழுத்துக்குத் தலையணை எடுத்துச் செல்லுங்கள் என்று கூச்சமில்லாமல் எழுதினேன். நேரத்தில்தான் சிக்கல் வந்தது. ஏற, இறங்க என்று சேர்த்து எந்தப் பயணத்தையும் அரை மணிக்குக் குறைவாகக் காட்டாத எங்கள் சாஃப்ட்வேர், முப்பது நிமிடம் என்றது.

"ரெண்டு நிமிஷம்தான் சார்" என்றேன்.

"மூணு கிலோமீட்டர் எப்படிம்மா ரெண்டு நிமிஷத்துல போவ முடியும்?"

"பிளேன் சார்."

சற்று யோசித்தார். "இங்கேருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மூணு கிலோமீட்டர். வாங்க, போய்ப் பாத்துடலாம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டார்.

"எஸ்டேட்ல எங்க சார் எறங்குவீங்க?" என்று டிரைவர் கேட்டார்.

"எறங்க மாட்டோம். நேரம் பாத்துட்டுத் திரும்பிடுவோம். ரெண்டு தீவுக்கு நடுவுல எவ்ளோ நேரம் ஆவுதுன்னு தெரியணும்."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "தீவுத்திடலா சார்? அதுக்கு சென்ட்ரல் பக்கம் போவணும். இது ராங் ரூட்டு."

புரியவைப்பதிலேயே நான்கு நிமிடம் போனது. பிறகு, மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் ஒரு தண்ணீர் லாரி சக்கரத்தை விட்டுக்கொண்டு நின்றது. "லாரி குந்திகினு கீது சார், இப்போதிக்கி நவுராது" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். எஸ்டேட்டைத் தொட்டபோது முப்பத்தோரு நிமிடம்.

"பாத்தீங்களா?" என்றார் டீம் லீடர். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, கோபத்தை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். முப்பது நிமிடம் என்றே அந்த இணையப் பக்கம் வெளியானது.

பத்து நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. எழுதியவர் அந்தத் தீவுகளில் ஒன்றில் டீச்சர். வாரம் இரண்டு முறை அந்த விமானத்தில்தான் போகிறாராம். பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் தரையிறங்கிவிடும், முப்பது நிமிடம் பறந்தால் விமானம் வேறு ஊருக்கே போய்விடும் என்று பொறுமையாக எழுதியிருந்தார். எட்டுப் பேர் உட்காரும் விமானத்தின் முன்னால், காற்றில் தலைமுடி பறக்க அவர் நிற்கும் படமும் இருந்தது.

டீம் லீடர் மெயிலை இரண்டு முறை படித்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, தானே முப்பதை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

எழுந்திருக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சின்ன பிளேன்ல லக்கேஜ எங்கம்மா வெப்பாங்க?"

எனக்கும் தெரியவில்லை. எழுதிக் கேட்டோம். மடியில் என்று பதில் வந்தது.