சொல்லாத வசனம்

எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் சாமை அறுப்புக்கு ஒருவர் காட்டில் மற்றவர் உதவிக்கு இறங்குவது வழக்கம். நான் ஞானஸ்நானம் பெற்ற வருடம் என் காட்டுக்கு யாரும் வரவில்லை. போகக் கூடாது என்று ஊரைத் தடுத்தவர் என் மனைவியின் அண்ணன். நானும் மனைவியுமே அறுத்து முடித்தோம்.

மறுநாள் மேகம் கறுத்தது. அவரவர் தம் கதிரைக் காப்பாற்ற ஓடினார்கள். மச்சான் தனியாக அறுத்துக்கொண்டிருந்தார். நான் அரிவாளோடு போனேன். பகைவரை நேசிப்பதைப் பற்றி அவரிடம் சொல்ல, வழியெல்லாம் ஒரு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

“என்னங்க மாப்ள, உங்க சாமி அனுப்புச்சாருங்களா?” என்றார்.

“சாமை நனையப் போகுதுங்க மச்சான்” என்று குனிந்தேன்.

அவர் நகர்ந்து இடம் விட்டார். பாதிக் காடு முடிந்த பிறகுதான் வசனத்தைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதன்பின் யார் காட்டுக்குப் போனாலும் அரிவாளை மட்டுமே எடுத்துப் போனேன்.