பெட்டியில் இல்லாத கருவி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி ஒன்று நடந்தது. பார்க்க, கேட்க, எழுதச் சிரமப்படும் மாணவருக்கு எந்தக் கருவி உதவும் என்று கண்டறிய எங்களைப் பழக்கினார்கள். முதல் நாளே மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிகள், பென்சில் பிடிகள், காதில் மாட்டும் கருவி. நாங்கள் பெருநாள் கடைக்குப் போன பிள்ளைகள் மாதிரி அதைச் சுற்றி நின்றோம்.

ஒவ்வொருவரும் ஒரு மாணவரை மதிப்பிட்டு, கடைசி நாள் கூட்டிவந்து காட்ட வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். புத்தகத்தில் மூக்கு முட்டக் குனிவாள். இரண்டு வரி எழுதிவிட்டுக் கண்ணைக் கசக்குவாள். வயல் செய்கிற அவளுடைய வாப்பா, அந்தப் பள்ளித் தவணையோடு அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

"குர்ஆன் வடிவா ஓதுறாள் டீச்சர். கண்ணுல என்ன குறை? பள்ளிக்கூடமெண்டாத்தான் கள்ளம்."

உண்மையைச் சொன்னால் நானும் அவள் நடிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சியில்தான் சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் படிவத்தை நிரப்பி, 'பெரிய உருப்பெருக்கி தேவை' என்று நீட்டினேன். எதிலும் முந்திக்கொள்கிற புத்தி எனக்கு.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் என்னைவிட இளையவர். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பெட்டிக்கு ஏத்த பிள்ளையைத் தேடிப் பிடிச்சிருக்கிறீங்க, டீச்சர். அவள் எங்க நல்லா வாசிக்கிறாள் எண்டு போய்ப் பார்த்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கேள்வி நியாயம்தான். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் குர்ஆன் ஓதுகிற மத்ரஸாவுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குர்ஆன் மடக்குப் பலகையில் சரிவாக, முகத்துக்குக் கிட்ட இருந்தது. எழுத்துகள் பெரிதாக, கன்னங்கரேலென்று. மனப்பாடமாக இருக்குமோ என்று, இன்னும் படிக்காத பக்கம் ஒன்றைக் கொடுக்கும்படி, அங்கே ஓதிக்கொடுக்கும் மௌலவியிடம் கேட்டேன். மெதுவாகத்தான் ஓதினாள், ஆனால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டையான மேசை, பொடி எழுத்து, குனிந்தால் தன் தலையின் நிழலே புத்தகத்தின் மேல் விழும். இங்கே அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

அந்த அவசரத்தில் அவள் பையிலிருந்த விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து அந்தப் பலகையிலேயே வைக்கப் போய்விட்டேன். மௌலவி கையை நீட்டி மறித்தார்.

"அது ஓதுற பலகை, டீச்சர். பாடப் புத்தகத்துக்கு வேற ஒண்டு அடிப்பம்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். குர்ஆன் வைக்கிற பலகையில் வேறெதையும் வைக்கக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். மறுநாள் அவரே சரிவாக ஒரு பலகை அடித்து, புத்தகம் வழுக்காமல் கீழே ஒரு சட்டமும் வைத்துத் தந்தார். நான் ஒரு பாடத்தைக் கறுப்பு மையால் பெரிதாக எழுதினேன். கண் வைத்தியரிடமும் காட்ட வேண்டும் என்று படிவத்தைத் திருத்தினேன்.

கடைசி நாள் அவளோடு வாப்பாவும் வந்தார். நான் எழுதிய தாள்களைப் புதுப் பலகையில் வைத்து, முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். நிமிர்ந்து, கண்ணைக் கசக்காமல், மண்டபத்துக்கே கேட்கும்படி வாசித்தாள். பயிற்றுநர் குறிப்பெடுப்பதையே மறந்துவிட்டார்.

வாப்பா பலகையின் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நிப்பாட்டல்ல டீச்சர். படிக்கட்டும்" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இதுக்காக இவளுக்கு எத்தின தரம் அடிச்சிருக்கன்."

"நானும் அடிச்சிருக்கன்" என்றேன்.

அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.